கழுவிய கையைப் பார்

சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், எங்கள் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. “எங்க சீசரைப் பாம்பு கடிச்சிருச்சுங்க. என்ன பண்றதுன்னு யாராச்சும் சொல்லுங்க.” எழுதியவர் எங்கள் எதிர்வரிசையில் குடியிருக்கும் நூல் வியாபாரி. சீசர் அவர் வீட்டு நாய். நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படிப்பதற்குள் பதில்கள் குவிந்துவிட்டன. மஞ்சளை அரைத்து அப்புங்கள் என்றார் ஒருவர். வாழைத்தண்டுச் சாறு ஊற்றச் சொன்னார் இன்னொருவர். வேப்பிலையைத் தின்னக் கொடுத்துக் கசக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஒருவர். நாயிடம் அதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று அவர் எழுதவில்லை. கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுங்கள், பிளேடால் கீறுங்கள் என்று இரண்டு மூன்று பேர். மற்றவர்கள் கைகூப்பிய படம் அனுப்பியிருந்தார்கள்.

நான் அவரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“கையைக் கழுவிட்டு, ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாருங்க. எங்காச்சும் குத்தின மாதிரி, கீறின மாதிரி இருக்குதுங்களா?”

“கடிச்சது நாயைங்க மேடம், என்னை இல்லீங்க.”

“தெரியுமுங்க. நீங்க பாருங்க.”

குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “ஒண்ணும் இல்லீங்க” என்றார். நாயை வேறு யாராவது தூக்கினார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அதன் பிறகுதான் சீசருக்கு வந்தேன். கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள். முகம் வீங்கினால் அதுவே மூச்சை இறுக்கும். நடக்க விடாதீர்கள், போர்வையில் கிடத்தித் தூக்குங்கள். கட்டாதீர்கள், கீறாதீர்கள், எதையும் பூசவோ புகட்டவோ வேண்டாம். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுவர வேண்டாம். முதலில் மருத்துவரை அழைத்து, நஞ்சு முறிவு மருந்து இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். இல்லாத இடத்துக்குப் போய் நிற்பதில் நேரம் போய்விடும்.

சீசர் பிழைத்துக்கொண்டது. அடுத்த வாரம் அந்த நூல் வியாபாரி இனிப்போடு வந்து, ஒரு சந்தேகம் என்றார். “நாயைக் கடிச்சதுக்கு என் கையை ஏனுங்க மேடம் பாக்கச் சொன்னீங்க?”

நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அதனால் எழுதுகிறேன்.

நான் அரசுக் கால்நடை மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். நாமக்கல்லில் படித்தேன், தேறினேன், பல்லடம் பக்கம் வேலைக்கு வந்தேன். படித்த ஆண்டுகளைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் பாம்புக்கடிக்குக் கொஞ்சம் பக்கங்களே இருந்தன. பின்னால் நானாகத் தேடிப் படித்தேன். பாம்பைப் பற்றிப் பழைய உரைகளில் வரும் குறிப்பானாலும் சரி, புதிய ஆய்வேடானாலும் சரி, அச்சில் கண்டால் விடமாட்டேன். எதையும் மாதம், கிழமையோடு குறித்துவைக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் எனக்குப் பயன்பட்டதில் பெரும்பகுதி, அச்சில் இல்லாத ஒருவரிடமிருந்து வந்தது.

அவர் மருதாசலம் சார். என் முதல் மேலதிகாரி. ஆண் மருத்துவர்களை ‘சாமி’ என்றும் என்னை ‘அம்மணி’ என்றும் கூப்பிடுவார். குரலை உயர்த்தியதே கிடையாது. ஆனால் ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லவும் மாட்டார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில், தாளில் சுற்றிய புதுக் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். அதை யாரும் இரவல் வாங்க முடியாது. “சோப்புப் போட்டுக் கழுவுன குழாய் பொய் சொல்லும் அம்மணி. பிளாஸ்டிக் குழாய் அதைவிடப் பெரிய பொய் சொல்லும்” என்பார்.

அந்தக் குழாயின் வேலை இதுதான். விரியன் கடித்தால் இரத்தம் உறையும் தன்மையை இழந்துவிடும். கடிபட்ட விலங்கின் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக் குழாயில் விட்டு, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் நிற்க வைக்க வேண்டும். பிறகு மெல்லச் சாய்த்துப் பார்க்க வேண்டும். கட்டியாக நின்றால் நல்லது. தண்ணீரைப் போல் ஓடினால் விரியன் நஞ்சு உள்ளே வேலை செய்கிறது. சோப்புப் பட்ட குழாயிலும் பிளாஸ்டிக்கிலும் நல்ல இரத்தம்கூடச் சரியாக உறையாது, அதனால்தான் அந்தப் புதுக் கண்ணாடிக் குழாய். வேறு கருவி எதுவும் வேண்டாம். பொறுமை வேண்டும், அதுதான் யாரிடமும் இருக்காது.

மருதாசலம் சார் குழாயை ஜன்னல் விளிம்பில் நிறுத்திவிட்டு, கிளாஸில் ஏடு கட்டும்வரை ஆறவிட்ட தேநீரோடு உட்காருவார். ஒருமுறை, முகத்தில் வீக்கத்தோடு எழுந்து நின்றுகொண்டிருந்த ஒரு வேட்டை நாயைக் கொண்டுவந்திருந்த விவசாயி பொறுக்காமல் கேட்டேவிட்டார்.

“ஏனுங்க டாக்டரே, நாய் சாகக் கெடக்குது, நீங்க டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கறீங்க?”

“நாய் நிக்குது. நீங்கதான் சாகக் கெடக்கற மாதிரி தெரியறீங்க. உக்காருங்க, உங்களுக்கும் ஒரு டீ சொல்றேன்.”

அந்த நாயின் இரத்தம் கெட்டியாக உறைந்தது. ஊசி இல்லாமலே திரும்பிப் போனது. கண் செருகி, வாயில் எச்சில் ஒழுகி, பின்னங்கால் தள்ளாடி வரும் நாயென்றால் அது நாகத்தின் வேலை. அப்போது குழாய்க்காகக் காத்திருக்க மாட்டார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்தது அந்த நேரங்களில் மட்டும்தான்.

மருந்தைக் கலப்பதிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. நஞ்சு முறிவு மருந்து பொடியாக வரும். நீர் விட்டுக் கரைக்க வேண்டும். நான் முதன்முதலாகக் குப்பியை எடுத்துக் குலுக்கியதும் கையைப் பிடித்துவிட்டார். “மோர் கடையறயா? நுரை வந்தா மருந்து போச்சு. உள்ளங்கையில வச்சு மெதுவா உருட்டு. அதுக்குத் தூக்கம் கலையக் கூடாது.” ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் உருட்டினேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் செய்கிற ஒரு காரியம் இருந்தது. பாம்பு கடித்த நாயோ ஆடோ கன்றோ வந்தால், அதைத் தொடுவதற்கு முன், கொண்டுவந்தவரின் கையைக் காட்டச் சொல்வார். பிறகு, “போய்க் கழுவிட்டு வாங்க” என்பார். கழுவி வந்ததும் மறுபடி காட்டச் சொல்வார். எனக்கு அது சாமி கும்பிடும் சடங்கு போலத் தோன்றியது. காரணம் கேட்டேன்.

இடது கையை நீட்டினார். மோதிர விரலில் மேல்கணு இல்லை. அதை நான் முன்பே பார்த்திருந்தேன், கேட்கத் துணிந்ததில்லை.

“வைக்கப்போர்ப் பக்கத்துல ஒரு கன்னுக்குட்டி. சுருட்டை விரியன் கடிச்சிருந்துச்சு. குட்டியைப் புரட்டறப்போ வைக்கோல்ல என்னமோ சுருக்குனுச்சு, முள்ளுன்னு நெனச்சேன். கன்னு பொழச்சுது. மறுநாள் இந்த விரல் கறுத்துப் போச்சு. நாயை, மாட்டைப் பாத்துட்டு இருக்கறவனுக்குத் தன் உடம்பு தெரியாது அம்மணி. கழுவாத கையில நாயோட ரத்தம்தான் தெரியும். கழுவுன கையைப் பாரு. அதுலதான் ஆளோட ரத்தம் தெரியும்.”

இதைச் சொன்னதும் ஒரே ஒரு முறைதான்.

பிறகு எனக்குத் திருப்பூருக்கு மாற்றல் வந்தது. ஊருக்கு ஊர் பாம்பு ஒன்றுதான். ஆனால் மனிதர்கள் அதற்குச் செய்யும் வைத்தியம் தொழிலுக்குத் தகுந்தபடி மாறும் என்பதை அங்கே கண்டேன். மாடியில் வீடும் கீழே உள்ளாடை கம்பெனியுமாக இருந்த ஓர் இடத்திலிருந்து, அடர்ந்த வெள்ளை முடியுள்ள பொமரேனியன் ஒன்று வந்தது. முன்னங்கால் வீங்கி நாவல்பழ நிறத்துக்கு மாறியிருந்தது. யாரும் எதுவும் கட்டவில்லை என்று வீட்டுக்கார அம்மா அடித்துச் சொன்னார். கண்ணுக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முடிக்கு எதிர்த்திசையில் விரலை ஓட்டினேன். தோலில் ஒரு பள்ளம் தட்டியது. பிரித்துப் பார்த்தால், ஜட்டிக்கு வைக்கிற எலாஸ்டிக். மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. இழுத்துக் கட்டிய எலாஸ்டிக் முடிக்குள் புதைந்து காணாமலே போயிருந்தது.

உடன் வந்திருந்த, கீழே கம்பெனியில் தைக்கும் பெண் மெதுவாகச் சொன்னாள். “நான்தாங்க கட்டுனேன். சினிமால எல்லாம் கட்டுவாங்களேன்னு…”

“ஒரு நாளாச்சும் எலாஸ்டிக்கை ஒழுங்கா இழுத்துத் தெச்சிருக்கறயா? இதை மட்டும் இந்த இழுப்பு இழுத்திருக்கறே!” என்றார் வீட்டுக்கார அம்மா. அந்தப் பதற்றத்திலும் எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்படிப்பட்ட கட்டை ஆத்திரத்தில் பட்டென்று அறுக்கக் கூடாது. தேங்கிய நஞ்சு ஒரே மூச்சில் உடம்புக்குள் போகும். மருந்து ஏறத் தொடங்கிய பிறகுதான் அறுத்தேன். அதற்குப் பிறகு திருப்பூரில் எந்தப் பிராணி வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை நான்கு கால்களையும் தடவிவிடுவேன். எலாஸ்டிக், ரிப் துணி, லேபிள் நாடா என்று எனக்குக் கிடைத்தவற்றைச் சேர்த்தால் ஒரு சட்டையே தைத்திருக்கலாம்.

இனி சாகுல் பாய்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, சேவூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். அந்தப் பகுதியில் துரைசாமி என்பவர், தன் தோட்டத்தில் கோழிப்பண்ணையாக இருந்த நீளக் கொட்டகையைப் பனியன் கம்பெனியாக மாற்றி, ஏற்றுமதிக்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கே லைன் சூப்பர்வைசர், அதாவது ஒரு தையல் வரிசைக்குப் பொறுப்பாளர், சாகுல் பாய். தையல் மெஷினில் தொடங்கி மேலே வந்தவர். கம்பெனியைக் காவல் காத்த நாயின் பெயர் ஜிம்மி.

தீபாவளிக்கு முந்தைய வாரம், செவ்வாய்க்கிழமை. சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. துரைசாமியின் கார் மருந்தகத்துக்குள் வந்து நின்றது. பின்சீட்டில் சாகுல் பாய். அவர் மடியில் ஜிம்மி. நாயின் மூக்குப் பக்கம் வீங்கி, இரண்டு மூக்குத் துளையிலிருந்தும் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவருடைய சட்டையெல்லாம் இரத்தம், எச்சில், பஞ்சுத் துகள்.

துரைசாமி இறங்கியதுமே சொன்னார். “கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவுல மாட்டிட்டுக் கத்துச்சுங்க மேடம். யாரும் கிட்டப் போகலீங்க. நாயைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போற மனுசன், இவருதான் மூட்டைக்குள்ள கையை விட்டு இழுத்துப்போட்டாருங்க. அடியில என்னமோ பெருசாச் சீறிட்டு நகந்துச்சாமாங்க.”

“உசுருன்னு வந்தா அதெல்லாம் பாக்க முடியுங்களா மேடம்? கழுவிக்கிட்டாப் போச்சு” என்றார் சாகுல் பாய்.

ஜிம்மியை மேசையில் கிடத்தி, எங்கள் உதவியாளர் செல்லமுத்து பிடித்துக்கொண்டார். நான் கழுத்துப் பட்டையை அறுத்து எடுத்துவிட்டு, “பாய், கையைக் காட்டுங்க” என்றேன். நீட்டினார். இரத்தத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை.

“உங்களை எதுவும் கடிச்சுதுங்களா?”

“இல்லீங்க மேடம். மூட்டைக்குள்ள கையை விடறப்போ ஒரு ஊசி குத்துச்சு, அவ்வளவுதானுங்க.”

துரைசாமி சட்டென்று திரும்பினார். “வேஸ்ட்டுல ஊசியா? எந்த லைனுங்க பாய்?”

“அட, ஊசி இல்லீங்கண்ணா. ஏதோ மரச் சிலாம்பு.”

திருப்பூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஏற்றுமதித் துணி தைக்கும் இடத்தில் மெஷின் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் அத்தனையையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். ஒரு துண்டு குறைந்தாலும் அன்று தைத்தது முழுவதையும் தேட வேண்டும். குழந்தைச் சட்டைக்குள் ஊசி முனை போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் வந்த விதி, நியாயமான விதி. துணி வாங்குகிறவர்களின் ஆட்கள் கம்பெனியைப் பார்வையிட வரவிருந்த வாரம் அது. வேஸ்ட் மூட்டையில் ஊசி கிடந்தது என்றால், சாகுல் பாயின் லைனில் தைக்கும் பெண்கள் அத்தனை பேரும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது, அதைச் சிலாம்பாக்கிவிட்டார்.

எனக்கு அப்போது அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒரே கைக்கு இரண்டு காரணம் வந்தது மட்டும் காதில் நின்றது.

“பாய், கையைக் கழுவிட்டு வாங்க. மறுபடி பாக்கணும்” என்றேன்.

அவர் வெளியே வேப்பமரத்தடிக் குழாய்க்குப் போனார். நான் ஜிம்மியின் இரத்தத்தை எடுத்துப் புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு ஜன்னல் விளிம்பில் நிறுத்தினேன். மூக்கில் அப்படி இரத்தம் கசிந்த நாய்க்குக் குழாயின் பதில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மருந்து ஏற்றக் கால் நரம்பில் ஊசியைப் பொருத்திவிட்டு, மருந்தைக் கலக்கத் தொடங்கினேன். குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாய் இன்னும் கழுவிக்கொண்டிருந்தார்.

“அவர் கழுவறது இப்போதைக்கு முடியாதுங்க மேடம்” என்றார் துரைசாமி. “நாயோட எச்சில் பட்டா ஏழு தடவை கழுவோணுமாம், அதுல ஒரு தடவை மண்ணுல. அவங்க அத்தா சொல்லிக் குடுத்ததுங்க. ஆனா பாருங்க, எலித் தொல்லைக்கு மருந்து வைக்கலாம்னேன். ஜிம்மி தின்னுருமுங்கன்னு விடவே இல்லை. எட்ட நின்னு பிஸ்கட் வேற வீசுவாரு.”

நான் குழாயடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் மண்ணைத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. நாயின் இரத்தம் போகட்டும் என்று பார்த்தேன். மறுபடி கழுவினார். மறுபடியும் சிவப்பு. முழங்கைவரை பளிச்சென்று சுத்தமாகிவிட்டது. விரல் நுனியிலிருந்து விழும் தண்ணீர் மட்டும் வெளுக்கவே இல்லை.

கலந்த மருந்தைச் செல்லமுத்துவிடம் கொடுத்துவிட்டு வெளியே போனேன்.

“இன்னும் வருதுங்களா பாய்?”

“கழுவக் கழுவ வந்துட்டே இருக்குதுங்க மேடம். மண்ணு பட்டு எரியுது, வேறொண்ணுமில்லீங்க.”

கையை வாங்கிப் பார்த்தேன். வலது மோதிர விரலின் பக்கவாட்டில் ஒரு புள்ளி. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு கீறல். விரல் வீங்கத் தொடங்கியிருந்தது. கல் வைத்த வெள்ளி மோதிரம் சதைக்குள் பதிந்திருந்தது. பாம்பு என்று நான் சொன்னால் அவர் இல்லை என்பார். சொல்லிப் பயமுறுத்துவதும் நல்லதல்ல. அதனால் அவருக்குத் தெரிந்ததையே கேட்டேன்.

“பாய், மெஷின்ல உக்காந்த காலத்துல விரல்ல ஊசி ஏறியிருக்குமில்லீங்களா?”

“அதுக்குக் கணக்கு ஏதுங்க மேடம்! நகத்துல ஏறி அந்தப் பக்கம் வந்திருக்குதுங்க.”

“ரத்தம் எவ்வளவு நேரம் வரும்?”

“அது எங்கீங்க வருது? வாயில வச்சு ஒரு சப்பு சப்பிட்டு அடுத்த பீஸை எடுத்துருவோமுங்க…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திக்கொண்டார். தன் விரலைப் பார்த்தார். ஒரு சொட்டு திரண்டு விழுந்தது. அடுத்தது திரண்டது. இடது கையால் குழாயை மூடினார்.

“ஊசி இல்லீங்களா மேடம்?” என்றார்.

“இருக்காதுங்க. கையைக் கீழே தொங்க விடாதீங்க, ஆட்டாதீங்க. ஓடி நடக்க வேண்டாம், இப்படியே உக்காருங்க.”

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த துரைசாமி படியிறங்கி வந்தார். “சிலாம்புன்னீங்களே பாய்?”

“ஊசின்னா நம்ம புள்ளைங்களைக் கேள்வி கேப்பாங்கல்லீங்கண்ணா. இந்த வாரம் பாத்து…”

“அட போங்க பாய்! ஊசி வேஸ்ட்டுல கெடந்தா என்ன, என் சோத்துல கெடந்தா என்ன! வண்டியில ஏறுங்க மொதல்ல!”

சாகுல் பாய் உள்ளே எட்டிப் பார்த்தார். “ஜிம்மிக்கு மருந்து ஏறிட்டுப் போலாமுங்களே மேடம். இருக்கறதே கொஞ்சம் மருந்துன்னா அதுக்கே…”

“ஜிம்மிக்கு நான் இருக்கறேன். உங்களுக்கு நான் ஆக மாட்டேன் பாய். மனுசங்களைப் பாக்கற டாக்டர்கிட்டப் போகணும், இப்பவே.”

நாய்க்குப் பட்டையைக் கழற்றுவதும் மனிதனுக்கு மோதிரத்தைக் கழற்றுவதும் ஒரே காரணத்துக்குத்தான். மாட்டுக்கு வைத்திருந்த பாரபின் எண்ணெயை விரலில் விட்டு, திருகித் திருகி எடுத்தேன். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும். காரில் கட்டிங் அளவுக்கு வைத்திருந்த தடித்த பேட்டர்ன் அட்டை கிடந்தது. அதைக் கையின் கீழே கொடுத்து, பனியன் துணியால் இறுக்காமல் கட்டி, கழுத்தில் தொங்கவிட்டேன். இறுக்கவில்லை என்று விரலை விட்டுப் பார்த்துக்கொண்டேன். அரசு மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து, வருகிறவரை எது கடித்திருக்கலாம், ஏன் அப்படி நினைக்கிறேன், இரத்தம் நிற்கவில்லை என்பதைச் சொன்னேன். எதிர்முனையில் பேசிய மருத்துவர் ஒரு வார்த்தைகூட வீணாக்காமல் கேட்டுக்கொண்டார். இன்றும் அவருக்கு என் நன்றி.

கார் போனதும் உள்ளே வந்து ஜன்னல் விளிம்பைப் பார்த்தேன். நேரம் ஆகியிருந்தது. குழாயைச் சாய்த்தேன். ஜிம்மியின் இரத்தம் தண்ணீரைப் போல ஓடியது.

அன்று மாலைவரை நான் ஜிம்மியின் பக்கத்திலேயே இருந்தேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஒவ்வாமை வந்தால் கொடுக்க வேண்டிய ஊசியை நிரப்பிக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தேன். ஒருமுறை உடம்பெல்லாம் தடித்தது. சொட்டை நிறுத்தி, ஊசி போட்டு, தடிப்பு அடங்கியதும் மெதுவாக மறுபடி தொடங்கினேன். இத்தனைக்கும் நடுவில் என் மனம் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அது வெறும் ஊசியாக இருந்துவிடட்டும், ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பொழுது சாயும் நேரத்தில் துரைசாமி அழைத்தார்.

“அங்கயும் கண்ணாடிக் குழாயில எடுத்து வச்சாங்க மேடம். உறையலீங்க. மருந்து ஏறிட்டு இருக்குதுங்க. நேரத்துக்கு வந்துட்டீங்கன்னு டாக்டர் சொன்னாருங்க.” பிறகு, “நாய் எப்படி இருக்குதுன்னு பாய் கேக்கச் சொன்னாருங்க.”

“மூக்குல ரத்தம் நின்னிருச்சுன்னு சொல்லுங்க.”

அவர் அதைத் திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு அந்தப் பக்கம் யாரோ அழும் சத்தம். பாய் அழுகிறாரா, துரைசாமி அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் தெளிவாகக் கேட்கும் நிலையில் இல்லை.

சாகுல் பாய் தீபாவளியை மருத்துவமனையில் கழித்தார். விரலில் தோல் கறுத்து உரிந்தது, நகம் போனது. விரல் தங்கியது, சிறுநீரகம் தங்கியது, ஆள் தங்கினார். ஜிம்மியின் மூக்கோரத்தில் ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. துரைசாமி வேஸ்ட் மூட்டைகளைக் கொட்டகையை விட்டு வெளியேற்றி, ஒவ்வொன்றாகக் கம்பால் தட்டிப் பிரித்துக் கொட்டியிருக்கிறார். “எல்லா மூட்டையும் பாத்தாச்சுங்க மேடம்” என்று வந்து சொன்னார். “ஒரு ஊசி இல்லீங்க. எங்க புள்ளைங்க சுத்தமுங்க.” பிறகு நினைவு வந்தவராக, “பாம்பும் இல்லீங்க” என்றார்.

நான் மருதாசலம் சாரைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் ஓய்வு பெற்றுப் பல்லடத்தில்தான் இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, “சரி” என்று வைத்துவிட்டார். அவர் அப்படித்தான்.

தை பிறந்து பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, சாகுல் பாய் என் வீட்டுக்கு வந்தார். கழுவிய கையைப் பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய டாக்டரைத் தானும் பார்க்க வேண்டும் என்றார். துரைசாமியின் காரிலேயே மூவரும் பல்லடம் போனோம். வழி நெடுக, அவரிடம் என்ன பேசுவது என்று பாய் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்தவர் சார்தான். பாய் வாயைத் திறப்பதற்குள், “கையைக் காட்டுங்க” என்றார்.

பாய் நீட்டினார். சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அந்த விரலைப் பிடித்து, மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி, புதிதாக முளைத்துக்கொண்டிருந்த நகத்தைத் தடவிப் பார்த்தார். அவருடைய இடது கையின் அந்தக் குறைந்த விரல் பாயின் விரலுக்கு அருகில் இருந்தது. பாய் அதைக் கவனித்துவிட்டார். ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சார் கையை விட்டார்.

“நாய்?” என்று கேட்டார்.

“நல்லா இருக்குதுங்கய்யா. இப்ப என் பின்னாடியே சுத்துது. நான்தான் எட்ட நில்லு, எட்ட நில்லுன்னு ஓடறேன்.”

“சரி” என்றார் சார். “உள்ள வாங்க. டீ ஆறுனாத்தான் குடிப்பேன், பொறுமை இருக்குதுங்களா?”

“இருக்குதுங்கய்யா” என்றார் சாகுல் பாய்.